மழைக்காட்டில் மரம் வெட்டுதலால் விளையும் நஷ்டம்

வானளாவிய மரங்கள் நிற்கும் காட்டைக் காண்போர், அதன் நிலம் மிக்க சாரமுள்ளது என்றே எண்ணுவர். உண்மை அவ்வாறன்று. போர்னியோ தீவில் மலேசியாவைச் சேர்ந்த சரவாக் ராஜ்யத்தின் மலைச்சரிவுகளில் மண் பெரும்பாலும் சாரங்குறைந்ததே. சத்தின் பெரும்பகுதி மரங்களிலேயே தங்கியிருக்கிறது. உதிரும் இலைகள் விரைவில் மக்க, மேலாக ஓடும் வேர்கள் அச்சத்தை உடனே உறிஞ்சிக் கொள்ளுகின்றன. ஆகவே மரம் போயின் முதலும் போய்விடுகிறது. அங்கு வருஷத்தில் 120 அங்குலத்துக்கு மேல் மழை பெய்யும். இலைக்கூரை நீங்கிய இடத்தில் அம்மழை நேரே மண்ணைத் தாக்கி, டிராக்டர்கள் கட்டைகளை இழுத்த தடங்களை ஓடைகளாக்கி, சேற்றை ஆற்றிலே சேர்க்கிறது. விலைக்கு எடுப்பவை சில மரங்களே. ஆயினும் அவை விழும்போது அண்டை மரங்கள் பல முறிகின்றன.

பாராம், லிம்பாங் நதிகளின் மேற்பகுதிகளில் பெனான் என்னும் வகுப்பார் வசிக்கின்றனர். பயிர்த்தொழிலின்றிக் காட்டில் சஞ்சரித்து வாழ்ந்த இவர்களது முக்கிய ஆகாரம், ஒருவகைக் காட்டுப் பனையின் தண்டை இடித்து, நீரில் அலசி எடுக்கும் மாவு. (நம்மவர் பாயஸத்திற்கு இடும் ஜவ்வரிசியும் ஆதியில் இத்தகைய பனை மாவே, மரவள்ளி பின்னர் வந்தது.) இப்பனை கூட்டமாக வளர்வது. முற்றிய தண்டை மட்டும் வெட்டி, இளந்தண்டுகளை விட்டுவைப்பது அவர்கள் வழக்கம். பனங்கூட்டத்தையோ பழமரத்தையோ முதலில் கண்டவர் அதில் அடையாளமிட்டுப் பின்னாளுக்கென்று காப்பர். பிறர் அதைத் தொடார். இதற்கு மோலோங் என்று பெயர். எழுத்துமில்லை, ரிஜிஸ்தருமில்லை, ஆயினும் விதி மீறப்படுவது அரிது. ஒதுக்கு நிதியைத் தொடலாகாது என்று வருஷந்தோறும் மகாசபையில் வாதாடும் சங்கங்கள் இவ்வழக்கத்தைக் கவனித்தல் நலம்.

டிராக்டர் ஓட்டுவோர்க்கு அவ்வடையாளம் தெரியாது; தெரிந்தாலும் நின்று பார்ப்பதில்லை. பனையும் பிரம்பும் நசுங்கின, காட்டுப்பன்றிகள் அகன்றன, கலங்கிய ஆறுகளில் மீன் குறைந்தது, குடிநீரும் கெட்டது. வாலிபர் சிலருக்குக் கூலி கிடைத்தது மெய்யே. ஆனால் மரம் தீர்ந்ததும் கம்பெனி அப்பாற் சென்றது. கூலியும் உடன் சென்றது.

முறையீடுகள் பலிக்காமையால், 1987 மார்ச்சில் பெனான் ஜனங்கள் மரத்தாலும் பிரம்பாலும் பாதைகளை அடைத்து, ஸ்திரீகளும் குழந்தைகளுமாக அங்கேயே அமர்ந்தனர். அவ்வருஷமே அங்ஙனம் வழிமறித்தலைக் குற்றமாக்கும் சட்டம் இயற்றப்பட்டது, பலர் கைதாயினர். 1990இல் சர்வதேச வெப்பமண்டல மர ஸ்தாபனத்தின் தூதுக்குழு, வெட்டு அளவை வருஷத்துக்கு 92 லட்சம் கன மீட்டராகக் குறைக்கும்படி சிபார்சு செய்தது. அதற்குள் பெருங்காடுகள் பல வெட்டுண்டிருந்தன.

பெனானியர் பெரும்பாலோர் இப்போது ஊர்களில் நிலைத்து வசிக்கின்றனர். எழுத்தில்லாத பாத்தியதையை நிரூபிக்க வேண்டி, 63 கிராமத்தார் பல்லாண்டு உழைத்து, தங்கள் ஆறுகள், மூதாதையர் சமாதிகள், மாவுப்பனை நிற்குமிடங்கள் முதலியவற்றைக் குறித்து, 2017இல் 23 தேசப்படங்களை வெளியிட்டனர்.