கீசர் வெந்நீரா? காலைப் பாருங்கள்!

கள்ளிக்குப்பத்திலிருந்து என்னிடம் வரும் சர்க்கரை நோயாளிகள் சிலருக்குப் பாதத்தில் கொப்புளம். செருப்பு கடித்ததல்ல, கீசர் வெந்நீர்! மரத்துப்போன காலுக்குச் சூடு உறைக்காதே.

60 டிகிரி வெந்நீர் ஐந்தாறு விநாடியில் தோலை வேகவைத்துவிடும். குழந்தைகளுக்கு அதற்கும் முன்பே. 50 டிகிரி என்றால் சில நிமிடம் ஆகும், அதற்குள் விலகிக்கொள்ளலாம். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு தெர்மோஸ்டாட்டைக் குறைக்கச் சொல்லுங்கள். பக்கெட்டில் முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம்தான் வெந்நீர். முழங்கையை விட்டுப் பார்த்து விளாவுங்கள். எண்ணெய்க் குளியலுக்கு வெந்நீர் என்று தேரையர் சொன்னார்தான். கொதிநீர் என்று சொல்லவில்லையே!

சுட்டுவிட்டால் மஞ்சள், பேஸ்ட், இங்க் எதுவும் வேண்டாம். 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். சர்க்கரை உள்ளவர் என்றால், சித்த மருத்துவனான நானே சொல்கிறேன், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.