க்ஷயரோகிகள் ஆடிய நடனம்

1952-ம் ஆண்டு. நியூயார்க் நகரின் ஸ்டேட்டன் தீவில் இருந்த 'சீ வியூ' ஆஸ்பத்திரி. க்ஷயரோகம் முற்றியவர்கள் வந்து சேரும் இடம் அது. எழுந்து உட்காரவும் தெம்பில்லாமல் கிடந்தவர்கள் பலர்.

அந்த ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒரு செய்தி அமெரிக்க ஜனங்களை ஆச்சரியத்தில் ஆழ்த்தியது. நோயாளிகள் நடனம் ஆடுகிறார்கள்! அந்தப் படமும் பத்திரிகைகளில் வெளிவந்தது.

அவர்களுக்கு 'இப்ரோனியாசிட்' என்ற புது மருந்து கொடுக்கப்பட்டிருந்தது. நுரையீரலுக்காகக் கொடுத்த மருந்து மனத்தையும் குளிர வைத்துவிட்டது. பசி எடுத்தது, பேச்சும் சிரிப்பும் திரும்பின.

மூளையில் நடந்தது என்ன?

நம் மூளையில் நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பச் சில ரசாயனங்களைப் பயன்படுத்துகின்றன. அவற்றில் ஒன்று செரோட்டோனின். வேலை முடிந்ததும் அதைச் சிதைத்துவிட ஒரு நொதி உண்டு. இப்ரோனியாசிட் அந்த நொதியைத் தடுத்தது. ஆகவே மூளையில் செரோட்டோனின் மிகுந்தது.

1957-ல் நேதன் கிளைன் என்ற அமெரிக்க மனநோய் நிபுணர், மனச்சோர்வு கண்டவர்களுக்கு இம்மருந்து பலன் தருவதாக அறிவித்தார். ஆனால் சிலருக்கு ஈரல் கெட்டு மஞ்சள் காமாலை வந்தது. 1961-ல் அமெரிக்காவில் மருந்து விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது.

வேறு ஒரு வழி

நரம்பணு தான் வெளியிட்ட செரோட்டோனினைத் தானே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அந்த உறிஞ்சலைத் தடுத்தால் போதாதா? அப்படிப் பிறந்த மருந்துதான் 'புளுவாக்ஸெட்டின்'. 1987 டிசம்பரில் அமெரிக்க அரசு அதை அனுமதித்தது. இன்று அந்த இனத்தில் பல மாத்திரைகள் உண்டு.

இதிலே ஒரு புதிர். மாத்திரை விழுங்கிய சில மணி நேரத்திலேயே உறிஞ்சல் தடைப்படுகிறது. மனச்சோர்வு தணியவோ இரண்டு முதல் ஆறு வாரம் ஆகிறது! செரோட்டோனின் குறைவதுதான் நோய் என்றால் அன்றே குணமாக வேண்டாமா? அந்தப் பழைய விளக்கம் இன்றுவரை நிரூபணமாகவில்லை. மூளை மெல்ல மெல்லத் தன்னை மாற்றி அமைத்துக்கொள்வதே குணத்துக்குக் காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

அவசரம் ஆபத்து

"பத்து நாள் சாப்பிட்டேன், ஒன்றும் தெரியவில்லை" என்று மாத்திரையை வீசி எறிகிறவர்கள் உண்டு. குணம் வருமுன்பே வாசலை அடைக்கிறார்கள். "தேறிவிட்டேன்" என்று சட்டென்று நிறுத்துகிறவர்களும் உண்டு. அவர்களுக்குத் தலைசுற்றல், தூக்கமின்மை, படபடப்பு வரலாம், சோர்வும் திரும்பலாம். தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வது வழக்கம். நிறுத்துவதானாலும் டாக்டர் சொல்படி சிறுகச் சிறுகவே குறைக்க வேண்டும்.

ஆரம்பத்தில் குமட்டல் இருக்கலாம். இருபத்தைந்து வயதுக்கு உட்பட்ட சிலருக்குத் தற்கொலை எண்ணம் தலைதூக்கக்கூடும். வீட்டில் உள்ளவர்கள் அருகிலிருந்து கவனிக்க வேண்டும். சிறிது சந்தேகம் தோன்றினாலும் உடனே டாக்டரிடம் போக வேண்டும். அவரைக் கேளாமல் வேறு மருந்தைச் சேர்ப்பதும் ஆபத்தே.

ஒரு காலத்தில் க்ஷயரோகத்தையும் வெளியே சொல்லக் கூசினார்கள். இன்று அதற்கு வெளிப்படையாக மருந்து சாப்பிடுகிறோம். மனச்சோர்வும் நோய்தான், வாசகர்களே! வெட்கத்தை விடுங்கள், ஆனால் பொறுமையை விடாதீர்கள்.