ஹேசலின் கதையில் பள்ளிக்கூடம் இல்லை

அமெரிக்க எழுத்தாளர் ஜான் கிரீனின் 'தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்' என்ற புதினம் 2012இல் வெளிவந்தது. நம் மேல்நிலை வகுப்பு மாணவர்களில் சிலர் அதைப் படமாகப் பார்த்திருக்கக்கூடும். 2014இல் ஆங்கிலத்திலும், 2020இல் 'தில் பேச்சாரா' என்ற பெயரில் இந்தியிலும் வந்தது. இந்திப் படத்துக்கு இசை ஏ.ஆர். ரஹ்மான். நாயகி ஹேசலுக்கு 16 வயது. தைராய்டு புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியதால் ஆக்சிஜன் உருளையை இழுத்துக்கொண்டே நடமாடுகிறாள். அவள் விரும்பும் அகஸ்டஸ், எலும்புப் புற்றுநோயால் ஒரு காலை இழந்தவன்.

இளம் வயதில் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்லும் பணியில் கிரீன் சில மாதங்கள் இருந்தார். 2010இல் 16 வயதில் தைராய்டு புற்றுநோயால் இறந்த எஸ்தர் ஏர்ல் என்ற சிறுமிக்குத்தான் நூலைக் காணிக்கையாக்கியிருக்கிறார். அதனாலோ என்னவோ, இதில் வரும் பிள்ளைகள் கேலி பேசுகிறார்கள், கோபப்படுகிறார்கள், பிடித்த புத்தகத்துக்காகச் சண்டை போடுகிறார்கள். "பாவம்" என்பதும் "வீரப்பெண்" என்பதும் ஹேசலுக்கு ஒரே அளவு எரிச்சல்.

ஆசிரியராகப் படிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. நோய் வந்ததும் ஹேசலைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுகிறார்கள். பிறகு தனித்தேர்வு எழுதிக் கல்லூரி வகுப்புக்குப் போகிறாள். அவள் வயதுப் பிள்ளைகளோடு அவள் உட்காரும் இடம், நோயாளிகளின் ஆறுதல் கூட்டம் மட்டுமே.

நம் பிள்ளைகளுக்கு அப்படி ஆகவேண்டியதில்லை. ஆனால் 1982இல் வந்த 'வாழ்வே மாயம்', 'பயணங்கள் முடிவதில்லை' இரண்டிலும் நாயகனுக்கு இரத்தப் புற்றுநோய். அவற்றைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்று தாத்தா பாட்டிகள். பெயரைக் கேட்டதும் "இனி எதுக்குப் படிப்பு?" என்கிறார்கள். உண்மையில் குழந்தைகளுக்கு அதிகம் வரும் இரத்தப் புற்றுநோய், சிகிச்சையை முழுமையாக முடித்தால் பெரும்பாலும் குணமாகக்கூடியது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, புற்றுநோய் வந்த குழந்தைகளில் வசதியான நாடுகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் குணமடைகிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் 30 விழுக்காட்டுக்கும் குறைவு. நோயைத் தாமதமாகக் கண்டறிவதும், சிகிச்சையைப் பாதியில் விடுவதும் இதற்கு முக்கியக் காரணங்கள்.

பாதியில் விடுவது எப்படி நடக்கிறது என்பது டெல்டாவில் வேலை பார்ப்பவர்களுக்குச் சொல்லாமலே புரியும். இந்தச் சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டுகள் நீளும். முதல் சில மாதங்கள் கடுமையானவை. பிறகு வீட்டிலேயே மாத்திரை, இடையிடையே பரிசோதனை. பிள்ளை பார்க்க நன்றாகவே இருப்பான். ஜூன் 12இல் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் குறுவை நடவு. தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ, சென்னை அடையாறுக்கோ போகும் நாளில் அம்மாவின் நடவுக் கூலி போய்விடும். காப்பீட்டு அட்டை சிகிச்சைக்கு உதவும், அந்தக் கூலியைத் தராது. "நல்லாத்தானே இருக்கான்" என்று ஒரு முறை தள்ளிப்போகும், பிறகு நின்றுபோகும். "அடுத்த தேதி எப்பம்மா?" என்று வகுப்பாசிரியர் கேட்டுக்கொண்டே இருப்பது சின்ன விஷயமல்ல.

திரும்பி வரும் பிள்ளையின் தலையில் முடி இருக்காது. நம் பக்கத்தில் மொட்டை புதிதல்ல, "வைத்தீஸ்வரன்கோவிலா, சமயபுரமா?" என்றுதான் வகுப்பு கேட்கும். என்ன பதில் சொல்வது, எவ்வளவு சொல்வது என்பதைப் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் முன்பே கேட்டு முடிவு செய்துகொள்ளலாம். சில மருந்துகளால் முகம் உப்பும், பசி அதிகமாகும், சட்டென்று அழுகை வரும். சில மருந்துகள் நரம்பைத் தொடுவதால் விரல்கள் தளரும், கையெழுத்து கோணும். அது சோம்பலல்ல. பொதுத்தேர்வு வகுப்பென்றால் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் கிடைக்குமா என்று மருத்துவச் சான்றோடு தலைமையாசிரியர் வழியாக முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

இது ஒட்டிக்கொள்ளும் நோயல்ல. சத்துணவுக்குப் பக்கத்தில் உட்கார மறுக்கும் பிள்ளைகளுக்கு இதை வெளிப்படையாகச் சொல்லவேண்டும். ஆபத்து எதிர்த்திசையில்தான். மருந்தால் எதிர்ப்பாற்றல் குறைந்த பிள்ளைக்குச் சின்னம்மையும் தட்டம்மையும் உயிருக்கே வினையாகலாம். வகுப்பில் யாருக்காவது அம்மை போட்டிருந்தால் அன்றே அந்தப் பெற்றோருக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். உடனே தெரிந்தால் மருத்துவர் தடுப்பு மருந்து கொடுக்க வழியுண்டு.

எல்லாரும் பிழைப்பதில்லை, கிரீனும் அதை மறைக்கவில்லை, அகஸ்டஸ் இறந்துபோகிறான். நம் வகுப்பில் அப்படி நேர்ந்தால் "ஊருக்குப் போயிருக்கான்" என்று சொல்லவேண்டாம். பிள்ளைகளுக்கு எப்படியும் தெரிந்துவிடும். நடந்ததைச் சொல்லி, ஒரு பாடவேளையை அவனைப் பற்றிப் பேசக் கொடுக்கலாம். அவன் நோட்டுகளும் ஓவியங்களும் வகுப்பில் இருந்தால் பெற்றோரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம்.