கப்பல் பயணமும் கருத்தடை மாத்திரையும்

இந்த விஷயத்தைப் பற்றி ஓர் ஆண், அதுவும் அறுபதைத் தாண்டியவர் எழுதலாமா என்று சில வாசகர்கள் நினைக்கக்கூடும். நான் மருத்துவன் அல்ல. டிப்ளமோ படித்து, ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றபின், ரயிலே இல்லாத இத்தீவில் மகன் குடும்பத்துடன் வசிப்பவன். ஆனால் கால அட்டவணை தவறினால் என்ன நேரும் என்று அறிவேன். இம்மாத்திரையின் பலனும் அட்டவணையில்தான் இருக்கிறது. தாய்வீடு கடலுக்கு அப்பால் இருக்கும் நம் பெண்களுக்கு இதை எடுத்துச் சொல்ல அம்மாவோ அக்காவோ அருகில் இல்லை. எனவே எழுதுகிறேன்.

அரசு மருத்துவமனைகளில் இலவசமாகத் தரப்படும் மாலா-என் அட்டையில் 28 மாத்திரைகள் உண்டு. முதல் 21 மாத்திரைகளில் லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராமும், எதினைல் எஸ்ட்ராடயால் 0.03 மில்லிகிராமும் உள்ளன. இந்த இரு ஹார்மோன்களும் சினைமுட்டை வெளிவருவதைத் தடுக்கின்றன. நிறம் வேறான கடைசி 7 மாத்திரைகள் வெறும் இரும்புச்சத்து. அந்த நாட்களில் மாதவிலக்கு வரும். 28 முடிந்த மறுநாளே புதிய அட்டையைத் தொடங்க வேண்டும்.

இங்குதான் கவனம் தேவை. ஹார்மோன் இல்லாத இடைவெளி 7 நாட்களுக்கு மேல் நீளக்கூடாது. நீண்டால் சினைமுட்டை வெளிவந்துவிடலாம். அட்டையின் நடுவில் ஒன்றை மறப்பதைவிட, புதிய அட்டையைத் தாமதமாகத் தொடங்குவதே பெரிய ஆபத்து. சென்னைக்குக் கப்பலேறினால் ஏறக்குறைய 3 நாள் கடலில் இருப்போம். மழைக்காலத்தில் கப்பல் தாமதமாவதும் நமக்குப் புதிதல்ல. கச்சால், காம்பெல் பே செல்வோருக்கும் இதே கதைதான். ஆகவே பெட்டியில் வைக்காமல், கைப்பையிலேயே ஓர் அட்டை கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஹார்மோன் மாத்திரை ஒன்றை மறந்தால், நினைவு வந்தவுடன் போடுங்கள். அன்றைய மாத்திரையையும் வழக்கமான நேரத்தில் போடலாம். தொடர்ந்து 2 அல்லது அதற்கு மேல் மறந்தால், கடைசியாக விட்ட ஒன்றை உடனே போட்டுத் தொடருங்கள். அடுத்த 7 நாட்களுக்கு ஆணுறையும் அவசியம். மூன்றாவது வாரத்தில் இப்படி நேர்ந்தால், 21 மாத்திரைகள் முடிந்ததும் இரும்பு மாத்திரைகளை விட்டுவிட்டு நேராகப் புதிய அட்டைக்குச் செல்லுங்கள். முதல் வாரத்தில் மறந்து, உறவும் நிகழ்ந்திருந்தால், தாமதிக்காமல் மருத்துவரை அணுகுங்கள்.

கப்பலில் தலைசுற்றி வாந்தி வருவது சகஜம். மாத்திரை போட்ட 3 மணி நேரத்திற்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும். கடுமையான வாந்தியோ பேதியோ 2 நாள் நீடித்தால், 2 மாத்திரை மறந்ததாகவே கருதுங்கள்.

இது எல்லோருக்கும் ஏற்றதன்று. பிரசவமாகி 6 மாதம் ஆகாத, பாலூட்டும் தாய்மார்கள், இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள், 35 வயதைக் கடந்து புகைபிடிப்பவர்கள், முன்பு இரத்தக்கட்டு, பக்கவாதம், இருதய நோய், மார்பகப் புற்றுநோய் கண்டவர்கள், கடுமையான ஈரல் நோய் உள்ளவர்கள், கண்ணில் மின்னல் தெரிந்து ஒற்றைத் தலைவலி வருபவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான சில மருந்துகள் இதன் பலனைக் குறைக்கும். எனவே தொடங்குமுன் மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொல்லி, இரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ளுங்கள். கெண்டைக்காலில் வீக்கத்துடன் வலி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தாங்கமுடியாத தலைவலி, திடீர்ப் பார்வைக் குறைவு இவற்றில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

தவறாமல் உட்கொள்ளும் 100 பெண்களில், ஓராண்டில் கருத்தரிப்பவர் ஒருவருக்கும் குறைவு. மறதியும் சேர்ந்த நடைமுறையில் அது சுமார் 7 ஆகிறது. இந்த வித்தியாசம் மருந்தின் குறையால் வருவதன்று. கணவன்மார்களே, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் "மாத்திரை போட்டாயா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குடும்பத்தைத் திட்டமிடுவது இருவரின் பொறுப்பல்லவா?