சத்து ஊசியும் பக்க விளைவுகளும்

நம் நாட்டுச் சிற்றூர்களில், உடல் அசதியென்று மருத்துவரிடம் செல்வோர் பலர், "சத்து ஊசி போடுங்கள்" என்று தாமாகவே கேட்கின்றனர். மாத்திரையினும் ஊசிக்கு வலிமை மிகுதி என்பது அவர்தம் நம்பிக்கை. செந்நிற மருந்தைக் கண்டதுமே பாதி அசதி நீங்கிவிடுகிறது போலும்! அந்நிறம் பி12 வைட்டமினின் இயல்பான நிறமே. வலிமையின் அடையாளம் அன்று.

ஊசி இன்றியமையாத நிலைகளும் உண்டு. பி12-ஐக் குடல் ஏற்காதோர், இரத்தக் கசிவைத் தடுக்க வைட்டமின் கே பெறும் பச்சிளங் குழந்தைகள், மிகு குடியால் பி1 குன்றி மூளை பாதிக்கப்பட்டோர் ஆகியோர்க்கு அது உயிர்காப்பது. ஏனையோர்க்குக் குறைபாடு இருப்பினும் பெரும்பாலும் மாத்திரையே போதும்.

ஊசி போட்ட இடத்தில் தோன்றும் வலியும் வீக்கமும் ஓரிரு நாளில் மறையும். அஞ்சத்தக்கது ஒவ்வாமை. பி1, கே ஆகியவற்றைச் சிரை வழியே செலுத்துங்கால், அரிதாக, மூச்சுத் திணறி, இரத்த அழுத்தம் சரிந்து, சில நிமிடங்களில் உயிருக்கே ஊறு நேரலாம். அட்ரினலின் மருந்து கைவசம் இல்லாத இடத்தில் இவற்றைப் போடுதல் தகாது.

டி வைட்டமினின் தீங்கு வேறு வகையானது. பி, சி வகைகளில் மிகுதியானது பெரும்பாலும் சிறுநீரில் வெளியேறிவிடும்; கொழுப்பில் கரையும் டி உடலிலேயே தங்கும். வயது வந்தோர்க்கு நாளொன்றுக்கு வேண்டுவது சுமார் 600 அலகு. இங்கு விற்பனையாகும் ஊசி ஒன்றிலோ 6 இலட்சம் அலகு, அதாவது 1,000 நாளைய தேவை, அடங்கியுள்ளது. மூட்டு வலிக்கென ஒரு மருத்துவரிடம் இதனைப் போட்டுக்கொண்டவர், அதனைக் கூறாது மற்றொருவரிடமும் போட்டுக்கொண்டால், இரத்தத்தில் கால்சியம் மிகுந்துவிடக்கூடும். தாகம், வாந்தி, மலச்சிக்கல், மனக்குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். சிறுநீரகமும் கெடலாம். ஊசியை நிறுத்திய பின்னரும் இந்நிலை வாரக்கணக்கில், சிலரிடம் மாதக்கணக்கில் நீடிக்கும்.

இவை மருந்தால் விளைவன. ஊசியால் மட்டுமே விளையும் கேடுகளும் உள. பிட்டத்தில் இடம் தவறிக் குத்தினால் காலுக்குச் செல்லும் பெருநரம்பு சேதமுற்றுப் பாதம் தொய்ந்துபோகும். 2009-இல் குஜராத்தின் மோடாசாப் பகுதியில், ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசியையே பிறருக்கும் பயன்படுத்தியதால் ஹெப்படைட்டிஸ்-பி பரவிப் பலர் மாண்டனர். தேவையற்ற ஊசி எதுவாயினும், சத்து ஊசியே ஆயினும், இவ்வழியைத் திறந்துவிடுகிறது.

எனவே, ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஊசி போட்டவரை அரை மணி நேரம் இருத்திப் பார்த்து, மருந்தின் பெயரையும் அளவையும் நாளையும் அவரது சீட்டில் குறித்துக் கொடுத்தல் வேண்டும். அடுத்த மருத்துவர் முதலில் கேட்க வேண்டுவதும் அச்சீட்டையே.