மோடம் அலறினால் காது கொடுங்கள்

1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் இணையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. பிராட்பேண்ட் வந்து சேரும்வரை பெரும்பாலான வீடுகளுக்கு இணையம் வந்தது டெலிபோன் கம்பி வழியாகத்தான். பேசுவதற்காகப் போட்ட செப்புக் கம்பி அது. கம்ப்யூட்டரின் தகவலை ஒலியாக மாற்றி அதில் அனுப்பியது மோடம். ஒலியாகப் போனதால், எங்கே கோளாறு என்று காதாலேயே கண்டுபிடிக்க முடிந்தது. பின்னால் வந்த எந்தக் கருவியிலும் இந்த வசதி இல்லை. அதனால்தான் பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டி எடுப்பவர்களிடம், மோடத்தின் ஸ்பீக்கரை மட்டும் அணைத்துவிடாதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன்.

முதலில் கேட்க வேண்டியது டயல் டோன். அது வராவிட்டால் விண்டோஸ் 98 ‘680’ என்ற பிழை எண்ணைக் காட்டும். மோடத்தின் பின்னால் லைனுக்கு ஒன்று, போனுக்கு ஒன்று என இரண்டு துளைகள் இருக்கும். வயரை இடம் மாற்றிச் செருகியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். டயல் டோன் காதில் கேட்டும் மோடம் டயல் செய்யாமல் நிற்கிறதா? அலுவலக உள் எக்ஸ்சேஞ்சில் டோன் விட்டு விட்டு வரும். மோடத்துக்கு அது பிடிபடாது. ஏ.டி.எக்ஸ்3 என்ற கட்டளையைக் கொடுத்தால் டோனுக்குக் காத்திராமல் டயல் செய்துவிடும். வெளி லைனுக்கு 0 அழுத்த வேண்டிய இடத்தில் அந்த 0-க்குப் பிறகு ஒரு காற்புள்ளி போட்டால், வழக்கமாக 2 விநாடி நிறுத்தி மற்ற எண்களை அழுத்தும்.

மறுமுனை எடுத்ததும் சீரான ஒரு நீண்ட ஒலி கேட்கும். அதன் அதிர்வெண் 2100 ஹெர்ட்ஸ். வழியில் உள்ள எதிரொலி அடக்கிகளை ஒதுங்கச் சொல்லும் சைகை அது. இரண்டு மோடங்களும் ஒரே நேரத்தில் பேசப்போவதால், மனிதக் குரலுக்காக வைத்த அந்த ஏற்பாடு குறுக்கே நிற்கக் கூடாது. பிறகு வரும் இரைச்சலில், கம்பி எந்த ஒலியை நன்றாகக் கடத்துகிறது, எதை விழுங்குகிறது என்று இரண்டும் அளந்துபார்க்கின்றன. இந்தக் கட்டத்தில் அலறல் அறுந்து அறுந்து மறுபடி தொடங்கினால், கம்ப்யூட்டரை விட்டுவிட்டு லைனைப் பாருங்கள். ரிசீவரை எடுத்து ஓர் எண்ணை மட்டும் அழுத்தினால் டோன் அடங்கும். அப்போது கரகரவென்று கேட்டால், மழைக்காலமாக இருந்தால் பெரும்பாலும் ஜங்ஷன் பாக்ஸில் ஈரம்தான். லைன்மேனைக் கூப்பிடுவதற்கு முன் பக்கத்து அறையில் உள்ள இணைப்புப் போன்களைக் கழற்றிப் பாருங்கள். “அம்மா, போனை வைம்மா!” என்ற கூச்சல் அந்நாளில் எத்தனையோ வீடுகளில் கேட்டதற்குக் காரணம் அந்தப் போன்கள்தான். மோசமான லைனில் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து வைப்பது நல்லது. அடிக்கடி அறுந்துபோகும் 44 கிலோபிட்டைவிட, நிலையாக நிற்கும் 28.8 எவ்வளவோ மேல்.

அலறல் அடங்கியும் உள்ளே விடவில்லை, ‘691’ வருகிறது என்றால் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறு. கேப்ஸ் லாக்கைப் பாருங்கள். இணைப்பு கிடைத்தும் பக்கம் திறக்கவில்லை என்றால், ஒரு தளத்தின் ஐ.பி. எண்ணுக்கு ‘பிங்’ கொடுங்கள். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வரவில்லையென்றால் டி.என்.எஸ். அமைப்பில்தான் பிழை.

காதுக்கு எட்டாத கோளாறு ஒன்று உண்டு. பலரைப் பாடாய்ப் படுத்தியது அதுதான். டயல் செய்யத் தொடங்கியதும் மவுஸ் அம்பு உறைந்து நிற்கும். அல்லது மவுஸை நகர்த்தியதும் லைன் கட் ஆகும். மோடத்தை மாற்றுவார்கள், எக்ஸ்சேஞ்சில் புகார் கொடுப்பார்கள். லைன்மேன் வந்து லைன் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார். மவுஸ் காம் 1 சீரியல் போர்ட்டிலும், உள்ளே செருகிய மோடம் காம் 3-லும் இருந்திருக்கும். அந்தக் கம்ப்யூட்டர்களில் இரண்டுக்கும் பிராசஸரை அழைக்கும் வழி ஒன்றே, ஐ.ஆர்.க்யூ. 4 தான். இரண்டு குடித்தனத்துக்கு ஒரே காலிங் பெல் வைத்தது போல, அழைத்தது யார் என்று பிராசஸருக்குத் தெரியாது. மோடம் கார்டின் ஜம்பரைக் கழற்றிக் காம் 2-க்கு மாற்றி, அங்கே ஏற்கெனவே இருக்கும் போர்ட்டை பயாஸில் அணைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

இன்று அந்தக் கம்ப்யூட்டர்களை உயிர்ப்பிப்பவர்களுக்குச் சிக்கல் வேறு இடத்தில். அமெரிக்காவில் ஏ.ஓ.எல். நிறுவனமே 2025 செப்டம்பர் 30 அன்று டயல்-அப் சேவையை நிறுத்திவிட்டது. ஃபைபர் வழி வரும் வீட்டுப் போன் பேச்சைச் சிறு பொட்டலங்களாக உடைத்து அனுப்புகிறது. ஒரு பொட்டலம் தவறினால் நம் காதுக்குத் தெரியாது, மோடம் தடுமாறிவிடும். ஆகவே போன் லைனே இல்லாமல் சோதிப்பதுதான் சுலபம். டிரைவர் இல்லாமல் அசையாத சாஃப்ட்வேர் மோடத்தை ஒதுக்கிவிட்டு, சீரியல் போர்ட்டில் மாட்டும் வெளி மோடங்கள் இரண்டை எடுங்கள். சாதாரண டெலிபோன் வயரால் ஒன்றின் லைன் துளையை மற்றதன் லைன் துளையோடு இணையுங்கள். மோடத்துக்குக் கட்டளை தட்டும் ஹைப்பர்டெர்மினல் நிரலில் ஒன்றுக்கு ஏ.டி.எக்ஸ்3.டி. என்றும், மற்றதற்கு ஏ.டி.ஏ. என்றும் கட்டளை கொடுங்கள். லைனில் மின்னழுத்தம் இல்லாவிட்டால் சில மோடங்கள் பேசாது. அவற்றுக்கு மட்டும் எக்ஸ்சேஞ்ச் போல மின்சாரம் தரும் சின்ன லைன் சிமுலேட்டர் ஒன்று தேவைப்படும்.