ஓடாத சைக்கிளும் ஓடும் வியர்வையும்



வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனையின் நெருக்கமான வீடுகளிலும் இப்பொழுது ஒரு புதிய தளபாடம் இடம்பிடித்திருப்பதைக் காண்கிறோம். எவ்வளவு மிதித்தாலும் ஓரங்குலமும் நகராத உடற்பயிற்சிச் சைக்கிள்தான் அது. வாங்கிய புதிதில் எல்லோரும் மிதிப்பார்கள். மூன்றாம் மாதத்தில் துவாய் காயப்போட உதவும். அப்படியல்லாமல் தினமும் மிதிக்கிற தாய்மார்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இக்கட்டுரை.

டாக்டர் தினமும் நடக்கச் சொல்கிறார். மரைன் டிரைவில் கடற்காற்று வாங்கிக்கொண்டு நடப்பது நல்லதுதான். ஆனால், பிள்ளைகளை டியூஷனுக்கு அனுப்பி, மதரஸாவுக்கு அனுப்பி, இராச் சாப்பாட்டுக்கும் வழி பார்க்கிற ஓர் உம்மாவுக்கு அந்த நேரம் எங்கே கிடைக்கிறது? கொட்டாஞ்சேனைச் சகோதரிக்கோ நடப்பதற்கு நடைபாதையே ஒழுங்காக இல்லை. ஆகவே வீட்டுக்குள்ளேயே, யார் கண்ணிலும் படாமல் மிதிக்கக்கூடிய ஒரு சைக்கிள் நமது பெண்களுக்குப் பொருத்தமானதே. சீனி வருத்தமும் பிரஷரும் இல்லாத குடும்பம் அபூர்வமாகிவிட்ட காலம் இது. அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் நபி (ஸல்) அவர்களுடன் ஓட்டப் போட்டியில் ஈடுபட்ட செய்தி அபூதாவூதிலே பதிவாகியிருக்கிறது. உடலை அசைப்பது பெண்ணுக்குப் பொருந்தாது என்று எண்ணுவோர் அதை ஒருமுறை வாசித்துப் பார்க்கட்டும்.

பிரச்சினை சைக்கிளில் இல்லை, வியர்வையைப் பற்றி நிலவும் எண்ணங்களில்தான் இருக்கிறது. பெண்களுக்கான வகுப்பு முடிந்ததும் துண்டுக் காகிதத்தில் வரும் கேள்விகளில் இதுவும் ஒன்றாகிவிட்டது. மௌலவியிடம் கேட்கிற கேள்வியா இது என்று சிலர் நினைக்கலாம். மஸ்அலா கேட்க வருவோர் கூடவே மருந்தும் கேட்பது நமது ஊர் வழக்கந்தானே. ஒருவர், "பத்து நிமிடத்தில் குளித்தெழுந்தவள் போல நனைந்து விடுகிறேன், இது ஏதும் வருத்தமா?" என்று கேட்கிறார். இன்னொருவர், "வியர்க்க வியர்க்கக் கொழுப்பு உருகுமாமே, ஜன்னல்களைச் சாத்திவிட்டுத் தடித்த உடுப்போடு மிதித்தால் சீக்கிரம் மெலியலாமா?" என்கிறார். முதற் கேள்விக்காரர் பெரும்பாலும் பயப்படத் தேவையில்லை. இரண்டாமவர்தான் பயப்பட வேண்டியவர். அவருக்கோ பயமே இல்லை!

வியர்வை எதற்காக?

நாம் மிதிக்கும்போது தசைகள் செலவழிக்கும் சக்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் பெடலைச் சுழற்றப் பயன்படுகிறது. மீதி முக்காற் பங்கும் உடலுக்குள்ளே சூடாக மாறுகிறது. அந்தச் சூட்டை வெளியேற்றாவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதற்காகவே நமது தோலில் 20 முதல் 40 இலட்சம் வரையிலான வியர்வைச் சுரப்பிகளை அல்லாஹ் அமைத்திருக்கிறான். ஆனால் கவனியுங்கள்: வியர்வை சுரப்பதால் உடல் குளிர்வதில்லை. சுரந்த வியர்வை காற்றில் ஆவியாகிப் போகும்போதுதான் குளிர்கிறது. ஒரு லீற்றர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி சூட்டைத் தன்னோடு எடுத்துச் செல்லும். அதே ஒரு லீற்றர் தரையில் சொட்டிப் போனால் எடுத்துச் செல்வது அநேகமாக ஒன்றுமில்லை. உடம்பின் தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம்.

இந்த இடத்தில்தான் கொழும்பு வாசிகளுக்கு ஒரு சோதனை. கடலோர நகரமாகையால் நமது காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதியில் காற்றின் ஈரப்பதன் 70, 80 சதவீத அளவிலேயே நிற்கும். ஈரச் சீலை கொடியில் காயாமல் கிடப்பதைப் பார்த்து அலுத்துக் கொள்கிறோம் அல்லவா, நமது தோலின் நிலையும் அதுவேதான். வியர்வை காய மறுக்கிறது. உடல் குளிரவில்லை. குளிரவில்லை என்பதால் உடல் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. மார்ச், ஏப்ரல் மாதங்களில், காற்றசையாத நாட்களில், இது உச்சத்துக்குப் போகிறது.

வீதியில் சைக்கிள் ஓட்டுபவருக்கு இந்தத் தொல்லை குறைவு. மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் அவர் போனால், அதே வேகத்தில் காற்று அவர் மேல் வீசியது போலாகிறது. வியர்வை உடனுக்குடன் பறந்து விடுகிறது. ஓடாத சைக்கிளில் அந்தக் காற்று இல்லை. நாம் விடும் மூச்சும் நமது வியர்வையுமே அறைக்குள் ஈரத்தைக் கூட்டுகின்றன. ஆகவே பத்து நிமிடத்தில் நனைந்து போகும் சகோதரியே, உங்கள் உடல் தன் வேலையைச் செய்கிறது. சில வாரங்கள் ஒழுங்காகப் பயிற்சி செய்தவர்களுக்கு வியர்வை முன்னரைவிடச் சீக்கிரமாகவும் அதிகமாகவும் வரத் தொடங்கும். உடல் பழகிக்கொண்டதன் அடையாளம் அது, பலவீனமல்ல.

உருகுவது கொழுப்பா?

அரை மணிநேரம் மிதித்தபின் தராசில் ஏறி அரைக் கிலோ குறைந்துவிட்டது என்று மகிழ்ச்சியடைகிறார்கள். அந்த அரைக் கிலோ ஏறத்தாழ முழுவதும் தண்ணீர். இரண்டு கோப்பை தண்ணீரும் ஒரு பிளேன்டீயும் குடித்தால் திரும்பி வந்துவிடும். வரவும் வேண்டும். நடுத்தர வேகத்தில் அரை மணிநேரம் மிதித்தால் செலவாவது சுமார் 200 கிலோகலோரி என்று வைத்துக் கொள்வோம். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கிலோகலோரி அடங்கியிருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கரைந்தது 26 கிராம் அளவே! ஏ.சி. அறையில் வியர்க்காமல் மிதித்தாலும் அதே 26 கிராம்தான். வட்டிலப்பத்தை இரண்டாந் தடவை பரிமாறும்போது 'போதும்' என்று சொல்லப் பழகுவது, போர்வை சுற்றிக்கொண்டு மிதிப்பதை விட மேல்.

ஆனால் புறக்கோட்டைக் கடைகளில் இடுப்புக்கும் உடம்புக்கும் வியர்வைப் பட்டி என்றும் சோனா உடுப்பு என்றும் பிளாஸ்டிக்கிலும் றப்பரிலும் விற்கிறார்கள். வியர்வை வெளியேறும், ஆனால் ஆவியாகாது. அதாவது, உடல் தன்னைக் குளிர்விக்கிற முக்கியமான கதவையே பூட்டி விடுகிறது இந்த உடுப்பு. இதன் விளைவு என்ன என்பதற்கு ஒரு கசப்பான சம்பவம் உண்டு.

1997ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் அமெரிக்காவில் மூன்று பல்கலைக்கழக மாணவர்கள் ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமான காலத்தினுள் அடுத்தடுத்து இறந்தார்கள். வட கரோலினா, விஸ்கொன்சின், மிச்சிகன் என்று வெவ்வேறு மாநிலத்தவர்.  வயது 19, 22, 21. மூவருமே மல்யுத்த வீரர்கள். போட்டிக்கு முன் எடையைக் குறைப்பதற்காக, காற்றும் நீராவியும் புகாத உடுப்பை உள்ளே அணிந்து, அதன்மேல் பருத்தி உடுப்பும் போட்டு, சூடான இடத்தில் ஓடாத சைக்கிளை மிதித்தவர்கள். தண்ணீர் குடிப்பதையும் குறைத்திருந்தார்கள். அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 1998 பெப்ரவரியில் இம்மூன்று மரணங்களையும் ஒன்றாக ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. அதற்கு முன்பே, ஜனவரியில், பல்கலைக்கழக விளையாட்டுச் சங்கம் மல்யுத்தக்காரர்கள் அத்தகைய உடுப்புகளைப் பாவிப்பதைத் தடை செய்துவிட்டது.

மிச்சிகன் மாணவர் பயிற்சி செய்த அறையை 92 பாகை பரனைற்றுக்குச் சூடாக்கியிருந்தார்கள். நமது கணக்கில் அது 33 பாகை செல்சியஸ். அங்கே ஹீட்டர் போட்டு உண்டாக்கிய வெப்பம், சகோதரிகளே, கொழும்பில் ஏப்ரல் மாதத்து மத்தியான நேரத்தில் மேல்மாடி அறையொன்றை ஜன்னல் சாத்தி வைத்தாலே வந்துவிடும். அவர்கள் இருபது வயது மல்யுத்த வீரர்கள். நாமோ நாற்பதைக் கடந்து, பிரஷருக்கு மாத்திரை விழுங்குகிறவர்கள்.

நமது நாட்டிலும் 2024ஆம் ஆண்டின் முற்பகுதியில் வளிமண்டலவியல் திணைக்களம் வெப்ப எச்சரிக்கைகளை விடுத்ததும், பாடசாலைப் பிள்ளைகளின் வெளிவிளையாட்டுகளை மட்டுப்படுத்துமாறு கல்வி அமைச்சு அறிவித்ததும் நினைவிருக்கும். பிள்ளையை வெயிலில் ஓடவிடாதே என்று அதிபருக்குச் சொல்லும் தாய், தான் மட்டும் பூட்டிய அறைக்குள் வெந்துகொண்டிருக்கிறாள்.

ஜன்னலும் பர்தாவும்

ஜன்னலைச் சாத்துவதற்கு மெலிய வேண்டும் என்ற ஆசை மட்டும் காரணமல்ல என்பதை நான் அறிவேன். வெள்ளவத்தையில் ஒரு மாடிக்கும் அடுத்த மாடிக்கும் இடையில் கையெட்டும் தூரம். எதிர்வீட்டு பல்கனியில் ஆண்கள் நிற்பார்கள். கொட்டாஞ்சேனையில் கதவைத் திறந்தால் ஒழுங்கை. அதனால் ஜன்னலையும் சாத்தி, அபாயாவையும் களையாமல் மிதிக்கிற பெண்கள் இருக்கிறார்கள். அவர்களது வெட்கத்தை மதிக்கிறேன். ஆனால் மறைப்பு என்பது பார்வைக்குத்தான், காற்றுக்கல்ல. ஜன்னலின் கீழ்ப்பாதிக்கு மெல்லிய திரை போட்டு மேற்பாதியைத் திறந்து வையுங்கள். சைக்கிளை ஜன்னல் நேரிலிருந்து விலக்கிச் சுவரோரம் வையுங்கள். அந்நிய ஆண்கள் இல்லாத தனியறையில் தளர்வான, மெல்லிய பருத்தி உடுப்பு தாராளமாகப் போதும். அங்கே அபாயாவுக்கு வேலையில்லை. சுபஹ் தொழுத கையோடு மிதித்தால் வெப்பமும் குறைவு, எதிர்வீட்டில் ஆட்களும் எழும்பியிருக்க மாட்டார்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது மின்விசிறி. கூரையில் சுழல்வது மட்டும் போதாது. ஒரு மேசை விசிறியை நேரே முன்னால், மார்பளவு உயரத்தில் வைத்துப் பாருங்கள். தரையில் சொட்டுவது பாதியாகக் குறைந்ததைக் கண்டு, வியர்வை போதவில்லை என்று கவலைப்படாதீர்கள். சுரந்தது ஆவியாகிக் கொண்டிருக்கிறது. சைக்கிளின் கைப்பிடி மேல் ஒரு துவாயும் போட்டு வையுங்கள். வியர்வையின் உப்பு இரும்பைத் தின்றுவிடும், விலையோ குறைவானதல்ல.

தண்ணீரை இடையிடையே சிறிது சிறிதாகக் குடிக்கவேண்டும். ஒரு மணிநேரத்துக்குள் முடியும் பயிற்சிக்கு வெறும் தண்ணீரே போதும். போத்தலில் விற்கும் வர்ணப் பானங்கள் தேவையில்லை. சீனி வருத்தக்காரருக்கு அவை தீங்குங்கூட. வயிற்றோட்டத்துக்கு நாம் வாங்கும் ஜீவனியை வியர்த்ததற்கெல்லாம் தினமும் கரைத்துக் குடிக்கும் வழக்கமும் சில வீடுகளில் இருக்கிறது. பிரஷர் உள்ளவர் அப்படி உப்பை ஏற்றிக்கொள்வது டாக்டரிடம் கேட்காமல் செய்யக்கூடியதல்ல. சலம் அதிகம் போகும் மாத்திரை எடுப்பவர்கள், இன்சுலின் போடுபவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் சைக்கிளில் ஏறுமுன்பே வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எல்லா வியர்வையும் ஒன்றல்ல. கை கால் நடுங்கி, பசித்து, உடல் குளிர்ந்து வியர்த்தால் சீனி இறங்குகிறது என்று பொருள். உடனே இறங்கி இனிப்பாக எதையாவது உட்கொள்ள வேண்டும். நெஞ்சு இறுக்கம், தாடை அல்லது இடக்கை வலியோடு வருகிற குளிர் வியர்வை இருதயத்தின் எச்சரிக்கை. மிதிக்காமல் சும்மா இருக்கையிலும் இரவில் படுக்கை நனையுமளவு வியர்த்தால் அதற்கு வேறு காரணம் தேட வேண்டும். மாதவிடாய் நிற்கும் வயதில் இது சாதாரணம் என்றாலும் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

மிதித்துக்கொண்டிருந்தவர் தலைசுற்றி, ஓங்காளித்து, பேச்சுக் குழறினால் வீட்டார் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. நிழலில் கிடத்தி, உடலெங்கும் தண்ணீரை ஊற்றி, விசிறியைத் திருப்பி வையுங்கள். 1990 அம்பியூலன்ஸுக்கு அழையுங்கள், அது இலவசம். உணர்வு மங்கியவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஆண்கள் வருகிறார்களே என்று அந்நேரத்தில் அபாயாவை மாட்டி மூடிவிடாதீர்கள். நனைத்த மெல்லிய சீலையொன்றை மேலே போர்த்துங்கள். மறைப்பும் ஆயிற்று, மருந்தும் ஆயிற்று. ளரூரத்தான வேளையில் ஆண் வைத்தியர் பார்ப்பதை ஷரீஅத் தடுக்கவில்லை.

வுழூ முறியுமா?

காகிதத்தில் வந்த இன்னொரு கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லி விடுகிறேன். வியர்ப்பதால் வுழூ முறிவதில்லை, எவ்வளவு வழிந்தாலும் சரியே. வியர்வை நஜீஸும் அல்ல. வியர்த்த உடுப்போடு தொழுதால் தொழுகை நிறைவேறும். ஹைளுடைய நாட்களில் மிதித்த பெண்ணின் வியர்வையும் அப்படியே. இரத்தம் படாத வரை அந்த உடுப்பு சுத்தமானதே. ஜனாபத்துடன் இருந்த அபூஹுரைரா (ரழி) அவர்கள் நபியவர்களைக் கண்டு ஒதுங்கிச் சென்றபோது, முஃமின் அசுத்தமாகி விடுவதில்லை என்று நபியவர்கள் உணர்த்திய சம்பவத்தை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் ஜனாபத்துள்ளவரின் வியர்வை பற்றிய தலைப்பின் கீழேயே கொண்டு வந்திருக்கிறார்கள். சுத்தம் வேறு, வாடை வேறு. ஜும்ஆவுக்குக் குளித்து வரச் சொல்லப்பட்டதன் பின்னணியிலும், வேலை செய்து வியர்த்த உடுப்போடு மக்கள் பள்ளிக்கு வந்த செய்தி இருக்கிறது. ஆகவே நேரமிருந்தால் குளித்துவிட்டுத் தொழுங்கள். மஃரிபுடைய வக்து குறுகியது. அப்பொழுது குளிப்பைச் சாட்டி அதைத் தவறவிட வேண்டாம்.

நோன்பு காலத்தில் வியர்வையால் நோன்பு முறியாது. ஆனால் அஸருக்குப் பின் நோன்போடு மிதிப்பவர் இழக்கும் தண்ணீரை மஃரிப் வரை ஈடு செய்ய வழியில்லை. தராவீஹ் முடித்து, கஞ்சியும் இறங்கிய பிறகு, விசிறியின் முன்னால் இருபது நிமிடம் மெதுவாக மிதித்து, ஸஹர் வரை இடையிடையே தண்ணீர் குடித்துக் கொள்ளலாம். ஸஹருக்குப் பிந்தி எழும்பும் பழக்கமுள்ளவர்கள் அந்த மாதத்தில் சைக்கிளில் துவாய் காயப்போட்டாலும் குற்றமில்லை.